மூஞ்சிக்கு மூன்று வேளை

ஆடி மாதச் சாரல். மேகமலைப் பக்கமிருந்து இறங்கி வந்து சின்னமனூர்க் கடைவீதியைப் பட்டும் படாமலும் நனைத்துவிட்டு, எதையோ மறந்துவிட்டவள் மாதிரி திரும்பிப் போகும். ஐந்து நிமிடத்தில் மறுபடி வரும். 2005ஆம் வருடம், அப்படியொரு வியாழக்கிழமை மதியம்தான் அவன் தங்கபாண்டியின் மருந்துக்கடைக்குள் நுழைந்தான். தலையில் துண்டு, அது மூக்கு வரைக்கும் இறங்கி, வாயையும் சுற்றி… கண் மட்டும் வெளியே.

எதிர்த்தாற்போல் பூக்கட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மாளின் கை அப்படியே நின்றது. அந்தக் கை நின்றால் கடைவீதியில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

உள்ளே கயல்விழி. குச்சனூர்க்காரி, இருபத்து நான்கு வயது, மருந்துப் படிப்பு படித்தவள். முதலாளி தங்கபாண்டி சாப்பிடப் போய்விட்டால் கடைக்கு அவள்தான் முதலாளி. அவர் சாப்பிட்டு வந்த பிறகும் பல நேரம் அவள்தான்.

"ஏங்க… இது மாதிரி ஒண்ணு வேணும்."

குங்குமச்சிமிழ் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவன் மேசைமேல் தள்ளினான். பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. கயல் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவ்வளவுதான்… கோபம் உச்சந்தலைக்குச் சுள்ளென்று ஏறியது.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அரிப்புக்கும் படைக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே தர வேண்டிய டியூபை இரண்டு மூன்றாகப் பிதுக்கி, பவுடர் கிரீமோடு குழைத்து, மேலே கொஞ்சம் ரோஜா வாசனையும் சேர்த்து டப்பாவில் அடைத்து விற்கிற கூட்டம் ஒன்று அப்போது கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திரிந்தது. பூசிய பத்தாம் நாள் முகம் வெளுக்கும். வெளுத்ததும் பக்கத்து வீட்டுக்காரியும் வாங்குவாள். கூத்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"எங்கன வாங்குனீக இத?"

"அது எதுக்குங்க? இருந்தாக் குடுங்க. இல்லாட்டி இல்லேன்னு சொல்லுங்க."

"யாருக்கு?"

"…தங்கச்சிக்கு."

"தங்கச்சி பூசுறதுக்கு நீங்க ஏன் அண்ணே துண்டப் போட்டு மூடியிருக்கீக?"

வெளியே பாண்டியம்மாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மல்லிகை சிதறியது. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. துண்டை உருவி மேசைமேல் அடித்தான்.

"பாத்துக்கங்க! போதுமா? எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!"

பார்த்தாள். இரண்டு கன்னமும் செக்கச் சிவந்து, வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிந்து, நெற்றி நிறையப் பொரிப்பொரியாகப் பருக்கள். காதோரத்தில் திராட்சைக்கு அடிக்கிற மருந்து தெறித்த நீலப் புள்ளிகள் வேறு. அத்தனை ரணத்துக்கும் நடுவில் இரண்டு கண்கள்… நல்ல கறுப்பு, மழைக்குப் பிறகு திராட்சைக் குலையில் நிற்கிற நீர் மாதிரி ஒரு பளபளப்பு, அவமானத்தில் லேசாகக் கலங்கியும் இருந்தன. கயல் ஒரு நொடிதான் பார்த்தாள். அந்த ஒரு நொடிக்காகப் பிற்பாடு அவள் தன்மேலேயே எத்தனை நாள் எரிச்சல்பட்டாள் என்பது வேறு கதை.

"எந்த மடச்சிங்க இதப் பூசச் சொன்னது?"

"எங்கம்மா."

கயல் திறந்த டப்பாவை மூடினாள். மேலே மின்விசிறி மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றியது.

"எங்கம்மாவையா மடச்சிங்கிறீக?"

"அம்மான்னு தெரியாதுங்க…"

"தெரிஞ்சிருந்தா?"

"கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருப்பேன்."

அவன் விருட்டென்று வெளியேறினான். போகட்டும் என்று கயல் டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டாள். சரியாக நான்கு எட்டு வைத்திருப்பான். சாரல் திரும்பி வந்தது. முகத்தில் பத்துத் துளி விழுந்திருக்குமோ என்னவோ, அவன் அப்படியே நின்று, முகத்தைக் கையாலும் மூட முடியாமல் துண்டாலும் ஒற்ற முடியாமல் தவித்துவிட்டு, குனிந்த தலையோடு திரும்ப வந்தான்.

"தண்ணி பட்டாக்கூட எரியுதுங்க…"

கயலின் கோபம் குறையவில்லை. ஆள் மட்டும் மாறியது. நாற்காலியை எடுத்து விசிறிக்கு நேர் கீழே போட்டாள். "உக்காருங்க. கைய வைக்காதீக. எத்தன நாளாப் பூசுறீக?"

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஓடைப்பட்டி. நாலு ஏக்கர் திராட்சை. அப்பா இல்லை, அம்மா கஸ்தூரியம்மாள்தான் எல்லாம். ஆவணியில் பெண் பார்க்கப் போகிறார்களாம். அதற்குள் மகன் வெளுக்க வேண்டும் என்று கம்பத்தில் ஏதோ ஒரு பேன்சி கடையில் வாங்கி வந்தார்களாம். முதலில் ராத்திரி மட்டும். பத்து நாளில் வெளுத்ததும் அம்மாவுக்கு ஆசை தாங்கவில்லை. காலையிலும் பூசு என்றாகிவிட்டது. பூசிய முகத்தோடு அவன் பந்தலுக்குள் நின்று உச்சிவெயிலில் மருந்தடித்திருக்கிறான்.

"எரியலையா உங்களுக்கு?"

"எரிஞ்சுச்சு. சொன்னேன். 'எரிஞ்சாத்தான்டா உள்ள இருக்க கருப்பு கழலுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ'ன்னாக."

கயல் கண்ணை மூடித் திறந்தாள். "பேரு என்ன?"

அவன் தயங்கினான். "…கருத்தக்கண்ணன்."

அவள் உதட்டைக் கடித்தாள். பாண்டியம்மாள் அதைக்கூடச் செய்யவில்லை.

"சிரிக்காதீக. எங்க குலசாமி பேரு."

"நான் சிரிக்கல. கேக்குறேன். சாமிக்கு அந்த நெறம் ஆகுமாம், புள்ளைக்கு ஆகாதாமா? பேரு வச்ச அன்னிக்குத் தெரியலையாமா?" அவள் குரல் உயர்ந்தது. "நாளும் பொழுதும் வெயில்ல நின்னு பாடுபடுற மனுசன் மொகத்துல நெருப்பக் கொட்டிட்டு, அதுக்குப் பேரு அழகா?"

தன்னைத்தான் திட்டுகிறாளா, தனக்காகத் திட்டுகிறாளா என்று கண்ணனுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தத் திட்டு… என்னவோ, விசிறிக்காற்றை விடக் குளுமையாக இருந்தது.

கடையில் எந்த டியூபும் தர மாட்டேன் என்று கயல் சொல்லிவிட்டாள். டக்கென்று நிறுத்தினால் இன்னும் பொங்கும், எப்படி நிறுத்துவது என்று தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாளைக்கே தேனிக்குப் போங்கள் என்றாள். "டாக்டர்ட்ட துண்டோட போகாதீக" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை சீட்டோடு வந்தான். தேனியில் டாக்டரும் திட்டினாராம். ஆனால் உங்கள் அளவுக்கு இல்லை என்றான். கயல் கேட்காத மாதிரி, மாத்திரையையும் கிரீமையும் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"மூஞ்சிக்கு மூணு வேள. காலையில எந்திரிச்சதும் பச்சத்தண்ணி, இந்த சோப்புல கொஞ்சம். தேய்க்கப்படாது… குழந்தைக்குக் கழுவுற மாதிரி. ஒத்தித் தொடச்சிட்டு இந்த வெயில் கிரீமு. பூசி இருவது நிமிசம் கழிச்சுத்தான் தோட்டத்துக்கு எறங்கணும். மருந்தடிக்கிறப்ப மொகத்துல துணி கட்டுங்க. வந்ததும் மறுபடி கழுவணும். ராத்திரி டாக்டர் எழுதுன கிரீமு, அவரு சொன்ன அளவுதான். அம்மா கேட்டாகன்னு ரெண்டு மடங்கு அப்பப்படாது."

"எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா?"

"சோத்துல பிழிஞ்சுக்கங்க."

"கடலமாவு?"

"பஜ்ஜி போடுங்க."

"மஞ்சள்…"

"அண்ணே! நான் சொன்னது மூணே மூணு. அதத் தினமும் விடாமச் செஞ்சாப் போதும். நெறம் மாறுறதுக்கு இல்ல, தோலு பொழைக்கிறதுக்கு."

"எல்லாஞ் செய்றேன். அந்த 'அண்ணே'ய மட்டும் விட்டுருங்க."

பாண்டியம்மாள் கட்டிய சரத்தில் அன்றைக்கு இடைவெளி ரொம்ப. பூ வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தான். ஓடைப்பட்டியில் மருந்துக்கடையே இல்லையா என்று பாண்டியம்மாள் ஒரு நாள் வாய்விட்டே கேட்டாள். "இருக்கு அத்தே… ஆனா அங்கன திட்ட மாட்டேங்கிறாக" என்றான். இப்படி வெகுளி மாதிரி பேசுகிறவன்தான் ஆளைச் சாய்ப்பான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் முகம் பொங்கியது; பயந்துபோய் ஓடி வந்தான். டாக்டர் சொன்னதுதான், பயப்படாதீக என்று தைரியம் சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் அடங்கியது. அதற்கடுத்த வாரம் கன்னத்தில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது. செவலைக் கட்டாந்தரையில் மழைக்கு முளைக்கிற மாதிரி, திட்டுத்திட்டாக, நல்ல கறுப்பு. கயலுக்கு ஏனோ சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தில் காட்டாமலிருக்க மாத்திரை அட்டைகளை இரண்டு தடவை அடுக்கினாள்.

ஒரு குலை திராட்சை கொண்டு வந்தான் ஒரு நாள்.

"மருந்தடிச்சதா?"

"அடிக்கல. ஒரு கொடிய மட்டும் தனியா விட்டு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"…உங்களுக்குத்தான். தோட்டத்துல எல்லாரும் ஏலே கிறுக்கான்னு கேக்குறாக."

அவள் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள். புளித்தது. முழுக் குலையையும் தின்றாள்.

இப்படியே போயிருந்தால் சுபம்தான். கஸ்தூரியம்மாள் விடவேண்டுமே!

ஆவணி முதல் வாரம். கடையில் நல்ல கூட்டம். பட்டுச்சேலையும் ஆத்திரமுமாக ஓர் அம்மாள் நேரே உள்ளே வந்தாள். "யாருடி அது? எம்மகன் மூஞ்சியப் பழையபடி கருக்க வச்சவ யாரு? ரெண்டு எடத்துல பொண்ணு பாக்கப் போகணும். இப்பப் பாரு… அடுப்புல வச்ச சட்டி மாதிரி!"

யார் என்று சொல்லாமலே கயலுக்குத் தெரிந்தது. அதே கண்கள். அந்த அம்மாளும் கயலை உற்றுப் பார்த்தாள். பார்த்தவளின் புருவம் மெல்ல ஏறியது.

"ஏ… நீ குச்சனூர் வேல்பாண்டி மகதானே? ஒன் போட்டோ எங்க வீட்டுக்கு வந்துச்சே! அதுல இன்னுங் கொஞ்சம் வெளுப்பா இருந்த."

கயலின் கை நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. ஸ்டூடியோக்காரன் அவளைக் கேட்காமலே இரண்டு சுற்று வெளுக்க வைத்துக் கொடுத்த போட்டோ. தரகர் முத்துக்கருப்பன் கொண்டுபோய், நாலாம் நாள் திருப்பிக் கொண்டு வந்தார். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி: "பொண்ணு நெறம் கம்மின்னு சொல்லிட்டாக. வேற எடம் பாப்போம்." அப்பா 'சரி' என்று தலையாட்டினார். ஓடைப்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு வீடு என்று மட்டும் தெரியும். எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

இப்போது அந்த வீடே வந்து அவள் வாசலில் நின்றது.

கத்தியிருக்கலாம். கூட்டம் அதைத்தான் எதிர்பார்த்தது. கயல் மேசையைச் சுற்றி வெளியே வந்து, அந்த அம்மாளின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"ஆமாம்மா. நீங்க வேணாம்னு சொன்னவதான். ஒங்க மகன் மொகம் வெந்துபோய் வந்துச்சு. டாக்டர்ட்ட அனுப்புனேன். அது தப்புன்னா தப்புதான்." குரல் நடுங்கியது. நடுங்க விட்டதற்காக இன்னும் கோபம் வந்தது. "இன்னொண்ணு. ஒங்க கன்னத்துலயும் செவப்பு நூலு மாதிரி ரத்தக்கொழா தெரியுது. நீங்களும் அதத்தான் பூசுறீக. நாளைக்கே தேனிக்குப் போங்க. நெறம் போனாத் திரும்பி வரும்… தோலு போனா வராது."

கஸ்தூரியம்மாளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அப்படிப்பட்ட ஒரு வாய், வார்த்தையில்லாமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்ததாகப் பாண்டியம்மாளே பிறகு ஆச்சரியப்பட்டுச் சொன்னாள்.

வியாழக்கிழமை கண்ணன் வந்தான், ஒன்றும் தெரியாமல், சிரித்த முகமாக.

"அடுத்து யாரு?" என்றாள் கயல்.

"நான்தாங்க."

"சீட்டு இருக்கா, அண்ணே?"

சிரிப்பு நின்றது. "என்னங்க ஆச்சு?"

அவள் சொன்னாள். சத்தமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக. அவன் முகத்தில் மிச்சமிருந்த சிவப்பும் வடிந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. போட்டோவே காட்டல. ஜாதகம் பொருந்தலன்னு…"

"நீங்க கேட்டீகளா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"யாரு பொண்ணு, என்ன படிச்சிருக்கா, ஏன் வேணாம்னு… ஒரு வார்த்த? கேட்டிருக்க மாட்டீக. மொகம் பத்தி எரிஞ்சப்பவே கேக்கல. பொறுத்துக்கோன்னாக, பொறுத்துக்கிட்டீக. ஒங்க மூஞ்சிய நீங்க எரிய விட்டா அது ஒங்க பாடு. என்னைய வீதியில நெறம் கம்மின்னு சொல்ல விட்டீகளே… அதுக்கு எந்தக் கிரீமுங்க போடுறது?"

கண்ணன் நின்றான். வந்த வழியே போய்விட்டான்.

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும். வராததற்குக் கயல் கொதித்தாள். வந்திருந்தாலும் கொதித்திருப்பாள் என்பது வேறு. கீழே விழுந்த மருந்து பாட்டிலைத் திட்டினாள், சில்லறை இல்லாதவனைத் திட்டினாள், தங்கபாண்டியையே ஒரு நாள் திட்டினாள். அவர் பயந்துபோய்ச் சாப்பிட வீட்டுக்குப் போய் சாயங்காலம்தான் வந்தார். ராத்திரி படுத்தால் அந்தக் கறுத்த கண்கள்… ச்சே! அம்மாவுக்குப் பயந்த கண்கள். அதைப் போய் நினைப்பேனா?

நினைத்தாள்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை, கயல் வேலைக்குக் கிளம்புகிற நேரம், குச்சனூர் வீட்டு வாசலில் முத்துக்கருப்பன் தரகர். கையில் ஒரு உறை. ஆளுக்கு வாயெல்லாம் பல். ஆனால் கொஞ்சம் குழப்பமும் இருந்தது.

"வேல்பாண்டியண்ணே… முப்பது வருசத் தொழில்ல இப்படி ஒரு வேல செஞ்சதில்ல. மாப்பிள்ள தன் போட்டோவத் தானே குடுத்து விட்டிருக்கார். பொண்ணு பாத்துச் சொல்லட்டுமாம். 'பையன் நெறம் கம்மி, வாயும் கம்மி. வேணாம்னா எதுக்கு வேணாங்கிறதத் தெருவுல நின்னு சத்தமாச் சொல்லிட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்கார். நான் என்னத்தச் செய்ய?"

கயல் உறையைப் பிரித்தாள். தோட்டத்திலேயே எடுத்த படம். பந்தலுக்கு வெளியே, வெயிலுக்கு நேராக முகம். பாதி ஆறியது, பாதி ஆறாதது, திட்டுத்திட்டாக. ஒரு சுற்றுகூட வெளுக்க வைக்கவில்லை.

"என்னாத்தா சொல்ல?" என்றார் அப்பா, மெதுவாக. இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பேசிக்கிறேன்ப்பா."

அன்று சாயங்காலம் ஆறு மணி. சின்னமனூர்க் கடைவீதி பஸ் நிறுத்தத்தில் குச்சனூர் டவுன் பஸ்ஸுக்குக் கூட்டம். சாரல் மறுபடி ஆரம்பித்திருந்தது. பத்தடி தள்ளி, மொபெட்டைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். மழை முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது, அவன் துடைக்கவில்லை. எரியவில்லை போலும். சொட்டுச்சொட்டாகக் கறுத்த கன்னத்தில் வழிந்து, தாடையில் நின்று, விழுந்தது…

கயல் பார்க்கவில்லை என்றுதான் சொல்வாள்.

"போட்டோ வந்துச்சா?"

"வந்துச்சு."

"தரகர்ட்ட ஒண்ணுஞ் சொல்லலையாமே."

"நெறத்துக்காக ஒருத்தரத் திருப்பி அனுப்புற பழக்கம் எங்க வீட்ல இல்ல."

அவன் தலைகுனிந்தான். பிறகு நிமிர்ந்தான். "அம்மாட்டக் கேட்டேங்க. எல்லாத்தையும். பொறந்ததுல இருந்து கேக்காததையெல்லாம் கேட்டேன். ரெண்டு நாளு சோறு ஆக்கல வீட்ல. மூணாம் நாளு, 'அந்தப் புள்ள சொன்ன டாக்டரு பேரு என்னடா'ன்னாக. நானே தேனிக்குக் கூட்டிட்டுப் போனேன்." மூச்சு வாங்கினான். "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. மொத நாளே… நீங்க கோவப்பட்டப்பவே. எனக்காக இதுவரைக்கும் யாரும் அப்படிக் கோவப்பட்டதில்லங்க."

மழை வலுத்தது. பஸ் வந்து நின்றது. கயலுக்கு மனசை மறைக்கத் தெரிந்த ஒரே வழி சண்டைதான்.

"எனக்கு இன்னும் கோவம் போகல."

"தெரியும்."

"ஒங்கம்மா மேல. ஒங்க மேல. அந்த ஸ்டூடியோக்காரன் மேல. தெருவுல வேடிக்க பாத்தவுக மேல. எல்லாரு மேலயும்."

"சரிங்க."

"சரியா? லேசுல போகாது இது. கல்யாணத்துக்கு அப்பறமும் போகாது!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்தாள். பஸ்ஸில் ஏறக் காலை வைத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கறுத்த முகம் மெல்ல மலர்ந்ததை என்னவென்று எழுத!

"கல்யாணத்துக்கு… அப்பறமுமா?"

"ஏறுறதுன்னா ஏறுங்கம்மா!" கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். கயல் ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதுவரைக்கும் சூடு.

பஸ் நகர்ந்தது. படியில் தொப்பென்று ஒரு சத்தம். சொட்டச் சொட்ட நனைந்த ஓர் ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஒரு குச்சனூருங்க" என்றான் கண்டக்டரிடம். பிறகு, குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி: "அப்பாகிட்ட நானே கேட்டுக்கிறேன்… நீங்க கோவமாவே இருங்க."

அவள் திரும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு.

நிறுத்தத்தில் சாவியோடு நின்ற மொபெட்டைப் பாண்டியம்மாள்தான் தன் பூக்கடைக்குள் தள்ளி வைத்தாளாம். விடிவதற்குள் ஓடைப்பட்டி வரைக்கும் சேதி போய்விட்டது.